‘குடிக்காமல் இருந்தால் போயிற்று’ என்பவர்களுக்கு

கர்ப்பமாக இருக்கும்போது குடிக்கக் கூடாது. இவ்வளவுதானே விஷயம்? இதற்குப் போய் ஆராய்ச்சி எதற்கு, ஆய்வுக்கூடம் எதற்கு, கோடி கோடியாகப் பணம் எதற்கு? தாயின் வயிற்றிலேயே மதுவால் மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்காக யார் ஆய்வு நிதி கேட்டாலும் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும். கேட்பவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பட்ஜெட் போடும் அதிகாரி கேட்கிறார். மதுவிலக்குக்காக வாழ்நாளைக் கொடுத்தவர் கேட்கிறார். காசநோய்க்கே மருந்து பற்றாத மாவட்டத்தில் வேலை பார்க்கும் மருத்துவரும் கேட்கிறார். கேட்டுக் கேட்டு, அது ஒரு கேள்வி என்பதே மறந்துபோய், முடிந்துபோன விவகாரம் போல ஆகிவிட்டது.

எஃப்ஏஎஸ்டி என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்தப் பாதிப்புத் தொகுதியைப் பற்றிய சுவரொட்டிகளில் ‘நூற்றுக்கு நூறு தடுக்கக்கூடியது’ என்ற வாசகத்தை அடிக்கடி பார்க்கலாம். எழுதிக் கொடுத்தவர்கள் இந்தத் துறைக்காரர்களேதான். தங்கள் தலையில் தாங்களே போட்டுக்கொண்ட மண் அது. உயிரியல்படி அந்த வாசகத்தில் பிழை இல்லை. மது கருவை எட்டவில்லை என்றால் இந்தப் பாதிப்பு இல்லை. ஆனால் அதிலிருந்து ‘ஆகவே ஆராய ஒன்றுமில்லை’ என்று ஒரே தாவாகத் தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் நான் மறுக்கிறேன். தடுப்பது எப்படி என்பதை அது சொல்லவில்லை. ஏற்கெனவே பிறந்துவிட்ட லட்சக்கணக்கான குழந்தைகளையோ அது ஒரேயடியாகக் கைகழுவிவிடுகிறது.

‘குடிக்கக் கூடாது’ என்பதே ஏதோ பாட்டி காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்த உண்மை என்ற நினைப்பை முதலில் பார்ப்போம். 1967இல் நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஃபூக்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், குறைமாதத்தில் வரும் பிரசவ வலியை நிறுத்த எத்தனாலை ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம் என்று எழுதினார். எத்தனால் என்றால் சாராயத்தில் இருக்கும் அதே சமாச்சாரம்தான். அதன் பிறகு சில ஆண்டுகள், தேர்ந்த மருத்துவமனைகளிலேயே, கர்ப்பிணிகளுக்கு மது சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டது. படித்த, பொறுப்பான, நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்கள் அதைச் செய்தார்கள். அதே காலத்தில், 1968இல், பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்பவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பார்த்து, ஒரே மாதிரி முக அமைப்பையும் ஒரே மாதிரி வளர்ச்சிக் குறையையும் பதிவு செய்தார்கள். அதை யாரும் சட்டை செய்யவில்லை. 1973இல் சியாட்டிலில் கென்னத் லயன்ஸ் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் லான்செட் இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை வெளியிட்டது 1981இல். பாட்டிலில் எச்சரிக்கை ஏறியது 1989இல். இன்று ‘இதற்கு ஆராய்ச்சி எதற்கு’ என்று கேட்பவர் கையில் வைத்திருக்கும் ஒற்றை வரி அறிவுரையே ஆராய்ச்சி போட்ட பிச்சை.

இனி அந்த ஒற்றை வரி எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்று பார்க்கலாம்.

மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் மழுங்கிப்போவது, கண் திறப்பு சிறுத்துப்போவது: இந்தப் பாதிப்பின் முக அடையாளங்கள் இவை. இவை எப்போது உருவாகின்றன? கேத்லீன் சுலிக் 1981இல் எலிகளில் காட்டியதை மனிதக் கருவுக்குப் பொருத்திப் பார்த்தால், கருத்தரித்த மூன்றாவது வாரத்தில். அந்த நேரத்தில் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய்ச் சில தினங்கள்கூட ஆகியிருக்காது. தான் கர்ப்பம் என்பதே தெரியாதவளிடம் ‘கர்ப்பமாக இருக்கும்போது குடிக்காதே’ என்ற அறிவுரை எப்படிப் போய்ச் சேரும்? அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாதவை. ‘அப்படியானால் கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் யாருமே குடிக்க வேண்டாம்’ என்ற தொனியில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2016இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, பெண்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தைந்து வரை ஒரு பெண்ணின் உடம்பை, இன்னும் உருவாகாத குழந்தையின் உறையாக மட்டும் பார்க்கும் அறிவுரையை யார்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்?

எச்சரிக்கை வாசகத்தின் பலம் என்ன என்பதையும் அளந்திருக்கிறார்கள். 1989இல் அமெரிக்க பாட்டில்களில் வாசகம் ஏறியதும், டெட்ராய்ட் நகரின் ஏழைக் குடியிருப்புப் பகுதியில் ஒரு கர்ப்பகாலப் பரிசோதனை மையத்துக்கு வந்த பெண்களின் குடியை ஜேனட் ஹாங்கினும் அவர் குழுவினரும் கவனித்தார்கள். ஏற்கெனவே கொஞ்சமாகக் குடித்தவர்கள் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அதிகம் குடித்தவர்களிடம் மாற்றமே இல்லை. ஆபத்து யாருக்கோ அவர்களை அந்த வாசகம் தொடவே இல்லை என்று அர்த்தம். இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று பாட்டில்தோறும் அச்சடித்த ஊர்க்காரர்கள் நாம். அதைப் படித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர் யாராவது உண்டா என்று டாஸ்மாக் வாசலில் நின்று விசாரித்துப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். உலகிலேயே இந்தப் பாதிப்பு மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று அது. 2017இல் வந்த ஒரு மதிப்பீடு, உலக அளவில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 8 பேருக்கு எஃப்ஏஎஸ்டி இருக்கலாம் என்றது. தென்னாப்பிரிக்காவுக்கு அது சொன்ன கணக்கு ஆயிரத்துக்கு 111. ஏன்? அந்த மாகாணத்துத் தாய்மார்கள் மட்டும் பொறுப்பற்றவர்களா? அங்கே திராட்சைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக ‘டாப்’ என்ற முறை இருந்தது. கூலியின் ஒரு பங்கைத் தோட்ட முதலாளி மட்டரக ஒயினாகக் கொடுப்பார். ஒரு நாளில் பல தடவை, வேலைக்கு நடுவிலேயே, தகரக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட அதைவிட மலிவான சங்கிலி கிடையாது. 1960களில் சட்டம் அதைத் தடை செய்தது; நடைமுறையில் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடியது. முறை போனது, பழக்கம் போகவில்லை. பணமாகக் கிடைத்த கூலி வார இறுதியில் ‘ஷெபீன்’ எனப்படும் கள்ளச் சாராயக் கடைக்குப் போனது. ‘பாப்சாக்’ என்ற வெள்ளித்தாள் பையில் ஐந்து லிட்டர் ஒயின் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது.

அந்தத் தோட்டங்களைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பிலிப் மே என்ற அமெரிக்க ஆய்வாளரும் டெனிஸ் வில்ஜோன் முதலிய தென்னாப்பிரிக்க மருத்துவர்களும் 1990களின் பிற்பகுதியிலிருந்து பள்ளிப் பள்ளியாகப் போய் முதல் வகுப்புக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். தாய்மார்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். தினமும் கொஞ்சம் குடிப்பதைவிட, வெள்ளியும் சனியும் மொத்தமாகக் குடிப்பது கருவுக்குக் கேடு என்பது அங்கே பளிச்சென்று தெரிந்தது. ஒரே அளவு குடித்தாலும் எடை குறைந்த, சரியாகச் சாப்பிடாத, பல பிரசவம் கண்ட தாயின் பிள்ளைக்கே பாதிப்பு கூடுதல் என்பதும் தெரிந்தது. இது ‘குடிக்காதே’ என்ற வரியிலிருந்து பிறக்கும் அறிவு அல்ல. யாரை முதலில் தேடிப் போக வேண்டும், எந்த நாளில் போக வேண்டும், கையில் அறிவுரையோடு சாப்பாடும் கொண்டுபோக வேண்டுமா என்றெல்லாம் ஒரு செவிலியருக்குச் சொல்லித் தருவது இந்த அறிவுதான்.

அதே தென்னாப்பிரிக்காவில் இன்னொரு நோயும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்தது: எச்ஐவி. அதையும் ‘நடத்தையால் தடுக்கக்கூடியது’ என்று பேசியவர்கள் உண்டு. ஆனாலும் உலகம் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு வேளை, பிறந்த பிள்ளைக்கு ஒரு வேளை நெவிரபின் கொடுத்தால் தொற்று பெருமளவு குறையும் என்று கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் கொடுக்க மறுத்தபோது, 2002இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. இன்று அங்கே தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது 5 சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பெண்களிடம் ‘நீங்கள் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டு மருத்துவம் கைகட்டி நின்றிருந்தால் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள்? ஒரே ஊர், ஒரே கிளினிக், ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் அதே பெண்கள். ஒரு நோய்க்கு மருந்து, இன்னொன்றுக்கு உபதேசம்.

உபதேசக் கட்சிக்கு ஆதரவாக ஒரு நல்ல சான்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. தென்னாப்பிரிக்காவின் நார்தர்ன் கேப் மாகாணத்தில் டி ஆர் என்ற சிற்றூர். அங்கே உள்ளூர் வானொலி, சுவரொட்டி, கிளினிக்கில் பேச்சு என்று ஊர் முழுக்க விழிப்புணர்வு வேலை நடந்தது. அதற்கு முன்பு பிறந்த குழந்தைகளில் 8.9 சதவீதம் பேருக்கு இந்த நோயின் முழு வடிவமோ பாதி வடிவமோ இருந்தது. அதற்குப் பின்பு பிறந்தவர்களில் 5.7 சதவீதம். ‘பார்த்தீர்களா, சொன்னால் கேட்கிறார்கள்’ என்பார்கள். கேட்டார்கள்தான். ஆனால் கேட்டார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? முன்பும் பின்பும் நூற்றுக்கணக்கான கைக்குழந்தைகளை ஒவ்வொருவராகப் பரிசோதித்து எண்ணிய ஓர் ஆய்வுக்கு யாரோ பணம் கொடுத்ததால் தெரியும். அந்த எண்ணிக்கை இல்லையென்றால் அந்த வானொலிப் பேச்சு காற்றோடு போயிருக்கும். தவிர, குறைந்த பிறகும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு பிள்ளைகள் மிச்சம். அவர்களின் தாய்மார்களை வானொலி எட்டவில்லை.

எட்டாதவர்களை எட்ட என்ன வழி என்று தேடியதுதான் அமெரிக்காவின் ‘சாய்சஸ்’ திட்டம். சிறைகள், போதை மறுவாழ்வு மையங்கள், ஏழைகள் வரும் மருத்துவமனைகள் என்று தேடிப்போய் 830 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லாருமே குடிப்பவர்கள், கருத்தடை சரியாகப் பயன்படுத்தாதவர்கள், இன்னும் கர்ப்பம் தரிக்காதவர்கள். ஒரு பாதிப் பேருக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். மறுபாதிக்கு நான்கு முறை உட்கார்ந்து பேச்சு, கருத்தடை குறித்து மருத்துவரிடம் ஒரு சந்திப்பு. பேச்சு என்றால் மிரட்டல் இல்லை, ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று அவளிடமே கேட்கும் பேச்சு. குடியைக் குறைத்தாலும் சரி, கருத்தடையை ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் சரி, எது அவளால் முடியுமோ அது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது துண்டுப் பிரசுரம் பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் ஆபத்து வளையத்துக்கு வெளியே இருந்தார்கள். பேச்சும் பெற்றவர்களில் 69 சதவீதம். குடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் கருத்தடையும் ஒரு தடுப்பு மருந்துதான் என்ற யோசனை தோன்றியிருக்காது. ‘குடிக்காதே’ என்ற வரியில் அதற்கு இடமும் இல்லை.

அறிவுரை எடுபடாதபோது அடுத்ததாக வருவது தண்டனை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் போட்டது: கர்ப்பிணி அளவுமீறிக் குடித்தால், கருவைக் காக்க என்று சொல்லி அவளைக் காவலில் வைக்கலாம். வேறு பல மாநிலங்கள் கர்ப்பகாலக் குடியைக் குழந்தைக் கொடுமைக் கணக்கில் சேர்த்தன. விளைவை அளந்தவர்கள் மீனாட்சி சுப்பராமன், சாரா ராபர்ட்ஸ் முதலியோர். நாற்பதாண்டுப் பிறப்புப் பதிவுகளை எடுத்து, எந்த மாநிலத்தில் எந்தச் சட்டம் எப்போது வந்தது என்று பொருத்திப் பார்த்தார்கள். குழந்தைக் கொடுமை என்று முத்திரை குத்திய சட்டங்கள் இருந்த இடங்களில் குறைமாதப் பிறப்பும் எடை குறைந்த பிறப்பும் குறையவில்லை, கூடித்தான் இருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் எந்தப் பெண் டாக்டரிடம் உண்மையைச் சொல்வாள்? பலர் டாக்டரிடமே போக மாட்டார்கள்.

இதுவரை பேசியது தடுப்பைப் பற்றி. என் பெரிய கோபம் வேறிடத்தில் இருக்கிறது.

‘தடுக்கக்கூடியது’ என்று ஒரு நோய்க்கு முத்திரை விழுந்துவிட்டால், தடுக்கப்படாமல் வந்துவிட்டவன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அமெரிக்காவில் நான்கு ஊர்களில் பிலிப் மே குழு முதல் வகுப்புப் பிள்ளைகள் 6,639 பேரைச் சேர்த்துப் பரிசோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. எஃப்ஏஎஸ்டி இருப்பதாக 222 பிள்ளைகளைக் கண்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முன்பே அது கண்டறியப்பட்டிருந்தது? இரண்டே இரண்டு பேருக்கு. மீதி 220 பிள்ளைகளும் வகுப்பறையில் ‘சொன்னதைக் கேட்காதவன்’, ‘ஒரு இடத்தில் உட்காராதவள்’, ‘நேற்றுப் படித்ததை இன்று மறப்பவன்’ என்ற பெயர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அதே ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. பேங்க்ஸியா ஹில் என்ற சிறார் சிறையில் 99 பேரைப் பரிசோதித்ததில் 36 பேருக்கு இந்தப் பாதிப்பு. முன்பே கண்டறியப்பட்டவர்கள் இங்கும் இரண்டு பேர்தான்.

அந்த 36 பேரை எண்ணாக விட்டுவிடாமல் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இந்தப் பாதிப்புள்ள பையனுக்குப் பேச்சு நன்றாகவே வரும். சிரித்துப் பேசுவான், கேட்டால் ‘புரிந்தது சார்’ என்பான். ஆனால் மூன்று கட்டளைகளை ஒன்றாகச் சொன்னால் முதலாவது போய்விடும். இன்று செய்ததற்கும் நாளை வரப்போவதற்கும் இடையே உள்ள கயிறு அவன் தலையில் அறுந்து கிடக்கும். அவனிடம் நீதிபதி ஜாமீன் நிபந்தனைகளை வாசிக்கிறார்: இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், இந்த நேரத்துக்குப் பிறகு வெளியே போகக் கூடாது, இன்னாரைப் பார்க்கக் கூடாது, இந்தக் கிழமையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். இரண்டு நாளில் நிபந்தனையை மீறுகிறான். மீண்டும் உள்ளே. திமிர் என்று எழுதுகிறார்கள். அவன் பெயரில் வந்த குற்றச்சாட்டைவிட மூளையில் விழுந்த ஓட்டைதான் அவனை உள்ளே இழுத்துப் போட்டது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் 415 பேரை ஆராய்ந்து 1996இல் சொன்னார்: பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களில் 60 சதவீதம் பேருக்குப் போலீஸோடும் சட்டத்தோடும் சிக்கல். எது அவர்களைக் காப்பாற்றியது என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆறு வயதுக்குள் நோய் கண்டறியப்படுவதும், நிலையான ஒரு வீட்டில் வளர்வதும்.

கண்டறிவது ஏன் இவ்வளவு கடினம்? முக அடையாளம் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கே இருக்கும். மற்றவர்களுக்குத் தாய் குடித்தாள் என்ற தகவல் வேண்டும். தாய் வெட்கத்தில் வாயைத் திறக்க மாட்டாள். தத்துப் பிள்ளை என்றால் கேட்கவே ஆளில்லை. ஆகவே பிள்ளைக்கு ஏடிஎச்டி, அதாவது கவனச்சிதறல் கோளாறு, என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குடியின் தடயத்தைச் சில வாரங்கள் வரை ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் பெத் என்ற பொருளை, தாளில் உலரவைத்த ஒரு சொட்டு ரத்தத்திலேயே இன்று அளக்க முடிகிறது. இதை எங்கே, யாரிடம், எந்த நிபந்தனையில் செய்வது, அது மறுபடியும் போலீஸ் கையில் போய்ச் சேராமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் தீர்க்க வேண்டிய ஆய்வுக் கேள்விகள். ‘குடிக்காமல் இருந்தால் போயிற்று’ என்பவர்களிடம் இதற்கு ஒரு பதிலும் கிடையாது.

அடுத்த வாதம்: ‘மூளை கெட்டது கெட்டதுதான், வைத்தியம் பார்த்து என்ன பயன்?’ விஷயம் தெரிந்தவர்களே இதைச் சொல்வதுண்டு. கேப் டவுனில் ஜாக்கப்சன் தம்பதியர், சாண்ட்ராவும் ஜோசப்பும், ஒரு எளிய சோதனை செய்தார்கள். பிள்ளைக்கு ஒரு ஒலி கேட்கும். ஒரு நொடிகூட ஆகாது, கண்ணில் லேசாகக் காற்று ஊதப்படும். சில தடவை ஆனதும் சாதாரணப் பிள்ளை ஒலி கேட்டவுடனேயே, காற்று வருமுன், கண்ணை மூடிக்கொள்ளும். சிறுமூளை கற்றுக்கொள்ளும் பாடம் இது. நோயின் முழு வடிவம் இருந்த ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தப் பாடத்தில் தேறவில்லை. ஒருவர்கூட. இதைக் கேட்டால் ‘பார்த்தீர்களா, கெட்டது கெட்டதுதான்’ என்று தோன்றும். ஆனால் அவர்கள் அதோடு கடையைக் கட்டவில்லை.

அளவுமீறிக் குடித்துக்கொண்டிருந்த 70 கர்ப்பிணிகளை அடுத்த ஆய்வில் சேர்த்தார்கள். குடியை விடச் சொல்லித்தான் பார்த்தார்கள். எல்லாராலும் விட முடியவில்லை. சிலருக்குத் தினமும் 2 கிராம் கோலின் கலந்த பானம், மற்றவர்களுக்குக் கோலின் இல்லாத பானம். கோலின் என்பது மருந்துகூட அல்ல. முட்டையிலும் ஈரலிலும் இருக்கும் சத்து. எலிகளில் அது உதவுவதைச் சான் டியாகோவில் ஜெனிஃபர் தாமஸ் ஏற்கெனவே காட்டியிருந்தார். 2018இல் முடிவு வந்தது: கோலின் எடுத்த தாய்மார்களின் குழந்தைகள் ஆறரை மாதத்தில் அதே கண்சிமிட்டல் பாடத்தை மற்றவர்களைவிட நன்றாகக் கற்றன. எடையிலும் தலைச் சுற்றளவிலும் விட்டதைப் பிடித்தன. ஒரு வயதில், முன்பு பார்த்த படத்தை அடையாளம் காணும் திறனும் கூடியிருந்தது. குடியை விட முடியாத பெண்கள் தினமும் ஒரு பொட்டலத்தைக் கலக்கிக் குடிக்கத் தயாராக இருந்தார்கள் என்பதை உபதேசம் செய்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பிள்ளை மேல் அக்கறை இல்லாததால் குடிக்கிறாள் என்ற குற்றச்சாட்டு அந்த இடத்தில் உடைந்துபோகிறது.

பிறந்த பிறகும் வழி அடைந்துவிடவில்லை. மினசோட்டாவில் ஜெஃப்ரி வோஸ்னியாக், இரண்டரையிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள 60 பிள்ளைகளைச் சேர்த்து ஒன்பது மாதம் ஆய்வு நடத்தினார். பாதிப் பேருக்குக் கோலின். ஆய்வு முதன்மையாக எதிர்பார்த்த முன்னேற்றம் எல்லாப் பிள்ளைகளிடமும் தெரியவில்லை. சிறியவர்களிடம் மட்டும் நினைவாற்றல் கொஞ்சம் உயர்ந்தது. நான்காண்டு கழித்துத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தபோது, கோலின் சாப்பிட்டவர்கள் சில அறிவுத்திறன் சோதனைகளில் முன்னே இருந்தார்கள், கவனச்சிதறலும் குறைவு. அட்லாண்டாவில் ஜூலி கேபிளும் கிளேர் கோல்ஸும் கணக்கில் திணறும் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனிப் பயிற்சி உருவாக்கி, பெற்றோருக்கும் வகுப்பெடுத்து, கணக்கு முன்னேறுவதைக் காட்டினார்கள். இவை அற்புதங்கள் அல்ல, சின்னச் சின்ன ஆதாயங்கள். ஆய்வுகளும் சின்னவை, 60 பேர், 70 பேர். சின்ன ஆய்வில் சின்ன ஆதாயம் தெரிந்தால் அடுத்து அறுநூறு பேரை வைத்துப் பார்ப்பதுதான் மருத்துவ வழக்கம். இங்கே மட்டும் ‘அவ்வளவுதானா’ என்று கோப்பை மூடுகிறார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் எஃப்ஏஎஸ்டி ஆய்வுக்குக் கடந்த சில ஆண்டுகளாக ஒதுக்குவது ஆண்டுக்கு 3 முதல் 4 கோடி டாலர் அளவில். ஆட்டிசத்துக்கு ஏறத்தாழ 30 கோடி. இரண்டும் அந்நாட்டில் நூற்றுக்குச் சில பிள்ளைகளைத் தொடும் பாதிப்புகள்தான். ஆட்டிசத்திடமிருந்து பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அந்தப் பெற்றோர் போராடி வாங்கிய பணம் அது. ஆட்டிசப் பிள்ளையின் தாய் தெருவில் இறங்கிப் போராடலாம். இந்தப் பிள்ளையின் தாய் இறங்கினால் முதல் கேள்வியே ‘நீ ஏன் குடித்தாய்?’ என்பதுதான். பத்தில் ஒரு பங்கு நிதிக்குப் பின்னால் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆராயாமல் விட்டால் செலவு மிச்சம் என்றும் சொல்ல முடியாது. கனடாவில் 2013ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தப் பாதிப்பால் ஆன செலவு, சிறையும் மருத்துவமனையும் வேலையிழப்பும் சேர்த்து, சுமார் 180 கோடி கனடிய டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பணமே இல்லை என்பதும் பொய். அதே அமெரிக்க நிறுவனங்களில் மது ஆராய்ச்சிக்கான அமைப்பு, தினமும் ஒரு கோப்பை குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க 10 கோடி டாலரில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. பெரும்பங்குப் பணம் தருவதாகச் சொன்னவை ஹைனகன், டியாஜியோ, ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் போன்ற மது நிறுவனங்கள். அதிகாரிகளே அந்த நிறுவனங்களிடம் போய் வலிய நிதி கேட்ட கதை அம்பலமாகி, 2018 ஜூனில் ஆய்வைக் கைவிட்டார்கள். குடிப்பதன் நன்மையைத் தேடப் பத்துக் கோடி திரண்டது. குடியால் கெட்ட மூளைக்கு அறுபது பிள்ளைகள் கொண்ட ஆய்வு. ‘பொறுப்பு தாயுடையது’ என்ற பேச்சு யாருக்கு வசதி என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் பாட்டிலில் கர்ப்பிணி எச்சரிக்கை போட வேண்டும் என்றபோது, தாயின் பொறுப்பைப் பற்றி வாய் வலிக்கப் பேசிய அதே தொழில்துறை, எச்சரிக்கையைச் சிவப்பில் அச்சடித்தால் செலவு கூடும் என்று மல்லுக்கு நின்றது. 2020இல் முடிவாகி 2023 ஜூலைக் கடைசியில்தான் அது கட்டாயமானது.

இன்னும் ஒன்று. டெக்சாசில் மைக்கேல் கோல்டிங் எலிகளில் நடத்தும் ஆய்வுகள், கருத்தரிப்புக்கு முன்பு தந்தை குடித்தாலும் குட்டியின் முக அமைப்பு மாறுவதைக் காட்டுகின்றன. மனிதரில் இது எந்த அளவு பொருந்தும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பொருந்தினால் ‘தாய் குடிக்காமல் இருந்தால் போயிற்று’ என்ற வரி உயிரியல்படியும் அரைகுறை என்றாகும். இதற்கும் பணம் வேண்டும்.

கோலின் மாதிரி ஏதோ ஒரு மாத்திரை இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் துணிந்து குடிப்பார்களே என்று கடைசியாக ஒரு பயம் காட்டுவார்கள். ஆணுறை வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். வெஸ்டர்ன் கேப் தோட்டத்துப் பெண் சனிக்கிழமை இரவு குடிப்பது, மாத்திரை இல்லையே என்ற பயம் தெளிந்ததால் அல்ல. அவள் குடிக்கும் காரணங்களைத் தோட்டத்து வரலாற்றில் தேட வேண்டும்.

கோலின் யாருக்கும் காப்புரிமை இல்லாத சாதாரணச் சத்து. அதை விற்றுக் கொள்ளை லாபம் பார்க்க முடியாது என்பதால் எந்த மருந்து நிறுவனமும் ஆயிரம் கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்த முன்வராது. மது நிறுவனம் கொடுக்காது; கொடுத்தாலும் வாங்கக் கூடாது. எந்த அளவில், எந்த மாதத்திலிருந்து, யாருக்குக் கொடுத்தால் பலன் என்பதைச் சொல்லும் ஆய்வு அரசுப் பணத்தில் நடந்தால்தான் உண்டு. மது மேல் போடும் வரியில் ஒரு சின்னப் பங்கே அதற்குப் போதும். அந்த வரியை வாங்காத அரசாங்கம் நான் இங்கே பேசிய நாடுகளில் எதுவும் இல்லை.